அத்தைப்பாட்டி எடுத்துக் கொடுத்த படங்கள்

1964இன் கடைசியில் ரங்கூனிலிருந்து கப்பலேறிச் சென்னையில் வந்து இறங்கியபோது எங்கள் தாத்தாவிடம் பதினொரு புகைப்படங்கள் இருந்தன. அவர் இன்றைய அனோரத்தா சாலையில், அன்றைய பெயரில் ஃபிரேசர் தெருவில், ஒரு துணிக்கடையின் கணக்குப்பிள்ளை. அந்த ஆண்டு மார்ச் மாதம் கடைகள் அரசுடைமையாயின. மே மாதம் ஐம்பது கியாட், நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். வேலையும் போய், சேமிப்பும் வெறும் காகிதமான பிறகு ஒரு குடும்பம் எதை எடுத்துச் செல்லும்? துணிமணி, இரண்டு பித்தளைப் பாத்திரம், பிள்ளைகள். படங்களின் சட்டங்களையும் கண்ணாடிகளையும் கழற்றி அங்கேயே விட்டுவிட்டு, தாள்களை மட்டும் பாட்டியின் மடித்த சேலைகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்தார்கள்.

மீதிப் படங்கள் தாத்தாவின் தங்கையிடம் தங்கிவிட்டன. அவருடைய கணவருக்கு இன்செயின் ரயில் பட்டறையில் வேலை. அந்த வேலையை நம்பி அவர்கள் புறப்படவில்லை. நாங்கள் அவரை அத்தைப்பாட்டி என்போம். கறுப்புத் தாளில் மூலைக்கு மூலை சிறு முக்கோணம் ஒட்டிச் செருகிய ஆல்பம் ஒன்று, பிஸ்கட் டின் ஒன்று, இரண்டும் அவர் அலமாரியில் அறுபது ஆண்டுகளாக இருக்கின்றன. எங்கள் கொள்ளுத்தாத்தாவின் முகம் எப்படியிருக்கும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அது அந்த டின்னில் இருந்தது.

நான் சிங்கப்பூரில் கைப்பேசிச் செயலிகள் எழுதும் வேலையில் இருக்கிறேன். வியாசர்பாடியில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, அத்தோ கடை வாசலில் நின்று தின்று பெரியவனானவன். எங்கள் குடும்பம் இன்று சென்னை, கோவை, டொராண்டோ, லண்டன், சிங்கப்பூர், யாங்கோன் என்று சிதறி நாற்பத்து மூன்று பேர். 2022இல் நானும் டொராண்டோவில் இருக்கும் சித்தப்பா மகனும் சேர்ந்து குடும்பப் படங்களை ஒரே இடத்தில் சேர்க்கும் சிறிய செயலி ஒன்று செய்யத் தொடங்கினோம். வாட்ஸ்அப் குழு போதாதா என்று எல்லோரும் கேட்டார்கள். மியான்மரில் 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த சில நாட்களிலேயே ஃபேஸ்புக்கோடு வாட்ஸ்அப்பையும் முடக்கிவிட்டார்கள். எங்களுக்கு வேண்டிய படங்களோ அங்கேதான் இருந்தன.

இந்தக் கட்டுரை அந்தச் செயலியின் ஒரே ஒரு பொத்தானைப் பற்றியது. ‘படம் சேர்’ என்று அதில் எழுதியிருக்கும். அதைத் தொட்டால் கைப்பேசியின் கேலரியிலிருந்து படத்தை எடுத்து எங்கள் செயலியில் காட்ட வேண்டும். கேட்க எளிது. தொழிலுக்கு வரும் பையன்களுக்கு முதல் மாதத்தில் கொடுக்கும் வேலை இது. ஆனால் படத்தை எடுப்பது யார் என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது.

பக்கத்து வீட்டில் ஒரு சேலை இரவல் கேட்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அம்மாள் உள்ளே போய் அலமாரியைத் திறந்து, ஒன்றை எடுத்துவந்து திண்ணையில் நம் கையில் கொடுப்பது ஒரு முறை. ‘நீயே போய் எடுத்துக்கொள்’ என்று சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுப்பது இன்னொரு முறை. இரண்டிலும் கைக்கு வருவது ஒரு சேலைதான். இரண்டாவது முறையில் அலமாரியில் என்னென்ன இருக்கிறது என்பதும் நமக்குத் தெரிந்துவிடுகிறது. அந்த அம்மாளுக்கு, நாம் எதைப் பார்த்தோம் என்பது தெரியாது.

கைப்பேசிச் செயலிகள் நெடுங்காலம் சாவிக்கொத்து முறையில்தான் வாழ்ந்தன. 2015 வரைக்கும் ஆண்ட்ராய்டில் செயலியை நிறுவும்போதே எல்லா அனுமதிகளையும் மொத்தமாகக் கொடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் நிறுவ முடியாது. ஆறாம் பதிப்பு வந்த பிறகுதான் தேவைப்படும் நேரத்தில் ‘அனுமதிக்கவா?’ என்று பெட்டி ஒன்று தோன்றிக் கேட்டது. அப்போதும் ஒரு படத்துக்காகச் ‘சரி’ என்று தொட்டால் சேமிப்பகத்தில் இருந்த எல்லாப் படமும் அந்தச் செயலிக்குத் திறந்தன. ஐஃபோனில் 2020இல், பதினான்காம் பதிப்பில், நிலைமை மாறியது. குறிப்பிட்ட சில படங்களுக்கு மட்டும் அனுமதி தரலாம் என்ற வழி வந்தது. கூடவே, செயலிக்கு வெளியே தனியாக இயங்கி, பயனர் தொட்ட படத்தை மட்டும் செயலியிடம் நீட்டும் புதிய தேர்வுத் திரையும் வந்தது. ஆண்ட்ராய்டு 2022இல், பதின்மூன்றாம் பதிப்பில், அதே வழிக்கு வந்தது. ஃபோட்டோ பிக்கர் என்று அதற்குப் பெயர். பின்னர் பழைய கைப்பேசிகளுக்கும் அது கிடைக்கும்படி செய்தார்கள்.

பிக்கரைத் திறந்தால் கேலரி முழுவதும் பயனர் கண்ணுக்குத் தெரியும். பார்க்க நம் செயலியின் பகுதி போலத்தான் இருக்கும். ஆனால் அந்தத் திரை நம்முடையது இல்லை, அது கைப்பேசியுடையது. அவர் எதைத் தள்ளிப் பார்த்தார், எதில் நின்றார், எதை விட்டார் என்று செயலிக்குத் தெரியாது. அவர் தேர்ந்தெடுத்த படத்துக்கு மட்டும் ஒரு முகவரிச் சீட்டு நம் கைக்கு வரும். அனுமதிப் பெட்டியே தோன்றாது. கேட்காத அனுமதியை மறுக்க வேண்டிய சங்கடமும் யாருக்கும் இல்லை. அம்மாள் சேலையோடு திண்ணைக்கு வந்துவிடுகிறார்.

சித்தப்பா மகனுக்கு இது பிடிக்கவில்லை. அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. “எண்பது வயசுப் பாட்டிகிட்ட ஒவ்வொரு படமா தொடச் சொல்றியா? கேலரி முழுக்கத் திறந்துவிடச் சொல்லு. முகத்தைப் பார்த்து நம்ம ஆளுங்க படத்தையெல்லாம் செயலியே எடுத்துக்கட்டும். ஒரு ராத்திரியில வேலை முடிஞ்சுடும்.” டொராண்டோவில் உட்கார்ந்து பார்த்தால் அது உதவி. அவனுடைய கேலரியில் இருப்பது பிள்ளைகளின் பனிச்சறுக்குப் படமும், மளிகைச் சீட்டும், வண்டி நிறுத்திய இடமும்தான். அதை யார் பார்த்தாலும் அவனுக்கு ஒன்றும் ஆகாது.

யாங்கோனில் கேலரி என்றால் என்ன என்று அவனுக்குச் சொல்லக் கொஞ்சம் வரலாறு தேவைப்பட்டது. மியான்மரில் ஒரு காலத்தில் சிம் கார்டு ஆயிரம் டாலருக்கு மேல் விற்றது. 2014இல் ஊரிடூ, டெலினார் என்ற இரண்டு வெளிநாட்டு நிறுவனங்கள் வந்து 1,500 கியாட்டுக்கு சிம் கொடுத்தன. மேசைத் தொலைபேசி, கணினி, கேமரா என்று படிப்படியாக வராமல், ஒரு தலைமுறை முழுவதும் நேராகக் கைப்பேசிக்குத் தாவியது. அத்தைப்பாட்டி வீட்டில் கேமரா வாங்கியதே இல்லை. ஒரு கைப்பேசி வந்ததும் பேரனின் பள்ளி, காளி கோயில் திருவிழா, சமையல், சாமி படம், எல்லாம் அதற்குள் போயின. பாபேடான் பகுதியிலுள்ள அந்தக் காளி கோயில் 1871இல் தமிழர் கட்டியது. அத்தைப்பாட்டி கோயில் என்று சொன்னால் அதுதான்.

2021 பிப்ரவரி 1க்குப் பிறகு அதே கேலரி ஆபத்தான பொருளாயிற்று. இரவு எட்டு மணிக்கு ஊரே சட்டி பானைகளைத் தட்டி எதிர்ப்பு காட்டிய நாட்கள் அவை. யார் கையில் கைப்பேசி இருந்ததோ அவர்கள் எல்லாம் படம் எடுத்தார்கள். பிறகு தெருவில், பேருந்து நிறுத்தத்தில், பாலத்தின் தலைப்பில் நிறுத்திக் கைப்பேசியை வாங்கிப் பார்க்கும் வழக்கம் வந்தது. மூன்று விரல் உயர்த்திய படம் ஒன்று, பகிர்ந்த ஒரு கேலிச் சித்திரம், வி.பி.என். செயலி, இவை போதும். தண்டனைச் சட்டத்தில் அதே பிப்ரவரியில் 505ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். அச்சத்தை உண்டாக்கினார், பொய்ச் செய்தி பரப்பினார் என்று சொல்லி மூன்று ஆண்டுவரை சிறைக்கு அனுப்பலாம். 1.8 கோடி வாடிக்கையாளர்களைக் கொண்டிருந்த டெலினார், ஒட்டுக்கேட்கும் கருவிகளை இயக்கச் சொல்லி வந்த அழுத்தத்தைக் காரணம் காட்டி நாட்டைவிட்டு வெளியேறியது. 2022இல் அதன் விற்பனை முடிந்தது. 2025 ஜனவரி முதல் தேதி இயற்றிய சைபர் பாதுகாப்புச் சட்டம் அனுமதியில்லாத வி.பி.என். சேவைகளையும் குற்றமாக்கியது.

அத்தைப்பாட்டியின் பேரன் வீட்டைவிட்டு வெளியே போகுமுன் செய்யும் காரியங்கள் மூன்று: சாமி கும்பிடுவது, குடையை எடுத்துக்கொள்வது, கேலரியைத் துடைப்பது. அவனுக்கு அது பல் தேய்ப்பது போல ஆகிவிட்டது. பாட்டியின் கைப்பேசியையும் அவன்தான் துடைக்கிறான். ஆனால் முழுக்கத் துடைத்துவிடக் கூடாதாம். வெறுமையான கேலரியும் சந்தேகத்தைக் கிளப்பும். ஆகவே நான்கு சாமி படம், இரண்டு பூந்தொட்டி, மொகிங்கா கிண்ணம் ஒன்று என்று அவன் அங்கே விட்டுவைக்கிறான். தன்னை யாரென்று காட்டிக்கொள்ள ஒருவன் தினமும் காலையில் ஒரு சிறு படத்தொகுப்பு தயாரிக்க வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம் சொன்ன பிறகு சித்தப்பா மகன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “சரி, பிக்கரே வைப்போம்” என்றான்.

பிக்கர் வைத்தால் வேலை முடிந்துவிடாது. செயலி வேவு பார்ப்பதிலிருந்துதான் அது பயனரைக் காக்கிறது. கைப்பேசியையே பிடுங்கிப் பார்ப்பவனிடமிருந்து காக்க அதனால் முடியாது. பிக்கர் கொடுக்கும் முகவரிச் சீட்டும் தற்காலிகமானது. கைப்பேசி அணைந்து எழுந்தாலோ, செயலி நின்றுபோனாலோ சீட்டு செல்லாது. நீடித்த அனுமதியாக அதை மாற்றி வைத்துக்கொள்ள வழி உண்டு. அப்படி வைத்தாலும் மூலப் படத்தைக் கேலரியில் அழித்துவிட்டால் சீட்டு சுட்டும் இடத்தில் ஒன்றும் இருக்காது. படம் இருந்த இடத்தில் சாம்பல் நிறச் சதுரம் ஒன்று நிற்கும். இதைத் தவிர்க்கப் பெரும்பாலான செயலிகள் படம் கையில் வந்தவுடன் தமக்கென்று உள்ள தனி இடத்தில் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்கின்றன. தொழிலில் அதுதான் நல்ல பழக்கம். பயனர் மூலத்தை அழித்தாலும் செயலியில் படம் அழியாது.

யாங்கோனில் அந்த நல்ல பழக்கம் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். பேரன் காலையில் கேலரியைத் துடைக்கிறான். படம் போய்விட்டது என்று நம்பி வெளியே போகிறான். ஆனால் எங்கள் செயலியின் மடியில் அதே படத்தின் பிரதி இருக்கிறது. திரையில் வேகமாகக் காட்டுவதற்காகச் செய்து வைத்த சிறு உருவம் இன்னொன்று இருக்கிறது. அவன் அழித்ததை நாங்கள் அழிக்காமல் வைத்திருக்கிறோம், அதுவும் அவனுக்குத் தெரியாமல். ஒருவர் தன் கைப்பேசியில் ஒன்றை அழித்தால் அது அந்தக் கைப்பேசியில் அழிந்திருக்க வேண்டும். எங்கள் செயலிக்கு நாங்கள் எழுதிய முதல் விதி அது.

ஆகவே அங்கே படம் வேறு வழியில் போகிறது. அத்தைப்பாட்டி படத்தைத் தொட்டதும் செயலி அதை நினைவகத்துக்குள் மட்டும் வாங்கி, சுருக்கி, வெளியே இருக்கும் எங்கள் சேமிப்பகத்துக்கு அனுப்பிவிட்டுக் கையை உதறிக்கொள்ளும். போய்ச் சேர்ந்தது என்பதற்கு ஒரு பச்சைப் புள்ளி மட்டும் தெரியும். அங்கிருந்து திரும்பிப் பார்க்க வேண்டுமென்றால் படம் இணையத்திலிருந்து வந்து திரையில் நின்று, திரையை மூடினால் போய்விடும்.

சுருக்குவது என்பதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சாதாரணக் கைப்பேசி எடுக்கும் படத்தில் நான்காயிரத்துக்கு மூவாயிரம், அதாவது 1.2 கோடி புள்ளிகள். கோப்பாக அது மூன்று நான்கு எம்.பி.தான். ஆனால் திரையில் காட்ட விரிக்கும்போது புள்ளிக்கு நான்கு பைட் வீதம் 48 எம்.பி. ஆகிறது. பத்துப் படத்தை ஒன்றாக விரித்தால் 480. மலிவான கைப்பேசி அங்கேயே மூச்சை நிறுத்திவிடும். அதனால் விரிக்கும்போதே நீளத்திலும் அகலத்திலும் நான்கில் ஒன்றாகக் குறைத்து விரிக்கச் சொல்வோம். 48 எம்.பி. மூன்றாகிவிடும். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. முறை வைத்து மின்சாரம் வரும் ஊரில், விட்டு விட்டு வரும் இணையத்தில், இந்தக் கணக்குதான் படம் போய்ச் சேருமா சேராதா என்பதைத் தீர்மானிக்கிறது. பாதி போனபோது மின்சாரம் நின்றால் விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது. மூலப் படத்தின் சீட்டை நாங்கள் வைத்துக்கொள்வதில்லை அல்லவா? அத்தைப்பாட்டி மறுபடி தொட வேண்டும். அதை அவரிடம் விளக்கியபோது, “தொட்டாப் போச்சு. ஒங்களைவிட எனக்கு நேரம் நெறைய இருக்கு தம்பி” என்றார்.

படத்தோடு ஒட்டி வரும் குறிப்புகள் வேறு இருக்கின்றன. எடுத்த நாள், நேரம், கேமரா, எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை. சில மீட்டர் துல்லியத்தில் வீட்டையே காட்டிக்கொடுக்கும் குறிப்பு அது. ஆண்ட்ராய்டு பத்தாம் பதிப்பிலிருந்து, தனி அனுமதி கேட்டு வாங்காத செயலிக்கு இடக்குறிப்பை மறைத்தே கொடுக்கிறது. பழைய கைப்பேசிகளில் அந்தக் காவல் இல்லை. நாங்கள் அனுப்புமுன் எல்லாவற்றையும் உரித்துவிடுகிறோம். நாளை மட்டும் வைத்துக்கொள்ளலாமே என்று பார்த்தால் அது எங்களுக்கு உதவவில்லை. அத்தைப்பாட்டி அனுப்புபவை பழைய அச்சுப் படங்களைக் கைப்பேசியால் எடுத்த படங்கள். செயலி நாளைப் பார்த்து வரிசைப்படுத்தினால் 1950களில் நடந்த தாத்தாவின் கல்யாணம், லண்டன் மருமகளின் வளைகாப்புக்கு மறுநாள் நடந்ததாக வந்து உட்காரும். எனவே ஆண்டை அவரே வாயால் சொல்கிறார். படத்துக்குக் கீழே ஒலிக்குறிப்பு ஒன்று. தமிழும் பர்மியமும் கலந்து, நடுவில் குக்கர் விசில் அடிக்க, யார் நடுவில், யார் ஓரத்தில், யாருக்கு அன்று காய்ச்சல் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

படங்கள் வரத் தொடங்கின. முதல் வாரம் இரண்டு. பிறகு ஒரு மாதம் ஒன்றுமில்லை. பிறகு ஒரே மாலையில் ஆறு. கொள்ளுத்தாத்தா வந்தார். தலைப்பாகையோடு, ஸ்டுடியோத் திரையில் வரைந்த ஏரிக்கு முன்னால், ஒரு கையைச் சாய்வாக மேசைமேல் ஊன்றி. கோவையில் இருக்கும் பெரியப்பாவின் மூக்கு அப்படியே அவர் முகத்தில் இருந்தது. அல்லது மறுதலையாகச் சொல்ல வேண்டும். 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் ஜப்பானியக் குண்டுகள் விழுந்த பிறகு லட்சக்கணக்கான இந்தியர்கள் இந்தியாவை நோக்கிக் கிளம்பினார்கள்; பெரும்பாலோர் நடந்தே போனார்கள். அந்த நடையில் போய், போர் முடிந்த பிறகு திரும்பி வந்து கடை வைத்தவர் அவர். திரும்பி வந்ததற்கு அத்தாட்சியாக எடுத்த படமாம் அது. அத்தைப்பாட்டியின் ஒலிக்குறிப்பு அப்படித்தான் சொன்னது.

எல்லாம் வரவில்லை. டின்னில் எத்தனை படம் என்று சித்தப்பா மகன் ஒருநாள் அவரிடமே கேட்டான். “எண்ணினதில்லை” என்றார். “படத்தை நான் எடுத்துக் குடுக்கிறேன். பெட்டியைக் கேக்காதே.” பிக்கர் என்ன செய்கிறது என்று நான் இத்தனை பத்தியில் சொன்னதை அவர் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். அவர் கொடுக்காதவை எவை, ஏன் என்று எங்களுக்குத் தெரியாது. ஒரு சகோதரருடன் மனக்கசப்பு இருந்தது உண்டு. பர்மியக் குடும்பத்தில் பெண் கொடுத்த கதை ஒன்றும் உண்டு. எதுவாகவும் இருக்கலாம். தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு. அந்த ஆசைக்குச் செயலியில் வழி வைக்கவில்லை.

புலம்பெயர்ந்த நம்மிடம் இந்த ஆசை கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறது என்று நினைக்கிறேன். விட்டுவந்த ஊரில் எஞ்சியிருப்பதெல்லாம் நமக்கும் சொந்தம் என்று தோன்றுகிறது. ஆவணம் அழிந்துவிடும், பெரியவர்கள் போய்விடுவார்கள், அதற்குள் எல்லாவற்றையும் அள்ளிவிட வேண்டும் என்ற அவசரம். அந்த அவசரம் நியாயமானதுதான். 1931 கணக்கெடுப்பில் ரங்கூனில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியர்கள். அந்தக் காலத்து ரங்கூனை இன்று நாம் பார்ப்பது பெரும்பாலும் பிலிப் கிளியர் என்ற ஜெர்மானியரும் டி.ஏ. அகுஜா என்ற ஸ்டுடியோக்காரரும் விற்ற அஞ்சலட்டைகளில்தான். பகோடா, தெரு, படகு, மனித வகைகள். அவற்றில் நம் ஆட்களும் இருக்கிறார்கள், தலைச்சுமையோடு, பெயரில்லாமல். அந்தப் படங்களைத் தேர்ந்தெடுத்தது படம் பிடித்தவரும், வாங்கி ஊருக்கு அனுப்பிய துரைமாரும். பிற்காலத்தில் ஸ்டுடியோப் படங்களையும் வீட்டுப் படங்களையும் தேடிச் சேர்க்கும் மியான்மர் புகைப்படக் காப்பகம் போன்ற முயற்சிகள் வந்தன. ஒரு தையல்காரர் தன் காசில், தன் சட்டையில், தான் விரும்பியபடி நின்று எடுத்துக்கொண்ட படம் அஞ்சலட்டை சொல்லாததைச் சொல்கிறது. எங்கள் கொள்ளுத்தாத்தா மேசைமேல் ஊன்றிய கையும் அப்படித்தான். எதைக் காட்டுவது என்பது அவருடைய முடிவு. அவருடைய மகள் அந்த உரிமையை இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை.

கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் உரிமையும் அதில் அடக்கம் என்பது சென்ற ஆண்டு புரிந்தது. பேரனின் நண்பர் கல்யாணப் படம் ஒன்றை அத்தைப்பாட்டி சேர்த்திருந்தார். எல்லோரும் பார்த்து வாழ்த்துச் சொல்லி நான்கு மாதம் ஆகியிருந்தது. ஒருநாள் இரவு அழைத்தார். “தம்பி, அந்தக் கல்யாணப் படத்தை எடுத்துடு. பின்னால நிக்கிற பையன் இப்ப இந்த ஊர்ல இல்லை. அவன் மொகம் எங்கயும் இருக்கக் கூடாது.” அதற்குமேல் அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சேமிப்பகத்திலிருந்து அழிக்க ஒரு நிமிடம் ஆயிற்று. ஆனால் டொராண்டோவிலும் லண்டனிலும் கோவையிலும் கைப்பேசிகள் வேகத்துக்காகச் சிறு பிரதிகளை வைத்திருந்தன. யாங்கோனுக்குத்தான் நாங்கள் தனி வழி வைத்தோம். வெளியே இருப்பவர்களுக்கு வழக்கமான ஏற்பாடு. ஒவ்வொரு செயலியும் அடுத்த முறை திறக்கும்போது அழித்த படங்களின் பட்டியலை முதலில் வாங்கித் தன்னிடம் உள்ளதையும் அழித்த பிறகே எதையும் காட்ட வேண்டும் என்று ஏற்கெனவே எழுதியிருந்தோம். மறுநாள் மாலைக்குள் நாற்பத்திரண்டு கைப்பேசிகளில் படம் போய்விட்டது. நாற்பத்து மூன்றாவது கோவைப் பெரியப்பாவுடையது. அவர் சபரிமலைக்குப் போகிறவர், கைப்பேசியை அணைத்து மேசை இழுப்பறையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். நான்கு நாள் கழித்து அவர் திரும்பி வந்து, குளித்து, சாப்பிட்டு, கைப்பேசியைப் போடும்வரை நான் ஒரு மணிக்கு ஒருமுறை பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பத்து மூன்றாவது பச்சைப் புள்ளி வந்தபோது சிங்கப்பூரில் மழை பெய்துகொண்டிருந்தது. அத்தைப்பாட்டிக்கு ஒரு வரி அனுப்பினேன். “சரிப்பா” என்று பதில் வந்தது.

யாராவது அந்தப் படத்தைத் திரையிலிருந்து பிடித்துத் தனியாக வைத்திருந்தால்? எந்தச் செயலியாலும் அதை அழிக்க முடியாது. அதனால் நாற்பத்து மூன்று பேருக்கும் தனித்தனியாக அழைத்துச் சொன்னோம். இரண்டு பேரிடம் இருந்தது. காரணம் கேட்டார்கள். சொல்ல முடியாது என்றோம். அழித்துவிட்டார்கள். குடும்பம் என்பதற்கு அந்த வாரம் எனக்குக் கிடைத்த பொருள் அது.

கூகுள் இப்போது, எப்போதாவது ஒரு படம் தேவைப்படும் செயலிகள் கேலரி முழுவதற்கும் அனுமதி கேட்கக் கூடாது, பிக்கரைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று விதி வைத்திருக்கிறது. 2025இல் அதைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தினார்கள். தொழிலில் இருப்பவர்கள் இதைக் கூடுதல் தலைவலி என்று பேசிக்கொண்டார்கள். நம் வாசகர்களிடம் நான் கேட்பது சிறிய காரியம். ஊரில் இருக்கும் பாட்டிக்கோ மாமாவுக்கோ புதிய செயலி ஒன்றைப் போட்டுக் கொடுக்கும்போது, ‘எல்லாப் படங்களையும் அனுமதி’ என்ற வரியை அவருக்காக நாமே தொட்டுவிடாமல் இருக்கலாம். தேர்ந்தெடுத்த படங்கள் மட்டும் என்ற வரி பெரும்பாலான கைப்பேசிகளில் அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதைக் காட்டிக் கொடுத்துவிட்டுக் கைப்பேசியை அவர் கையில் திருப்பிக் கொடுத்துவிடலாம். அவர் மெதுவாகத்தான் தேர்ந்தெடுப்பார்.

அத்தைப்பாட்டியிடமிருந்து இதுவரை முப்பத்தேழு படங்கள் வந்திருக்கின்றன. கடைசியாக வந்தது சென்ற மாதம்: ஒரு வாசல், வாசலில் கோலம், ஆள் யாருமில்லை. ஒலிக்குறிப்பில் ஆண்டும் இல்லை, தெருவும் இல்லை. “இது யாருன்னு கேக்காதீங்க. எனக்குப் பிடிச்ச படம்” என்று மட்டும் இருந்தது. லண்டனிலிருந்து ஒருவர் கோலத்துக்கு எத்தனை புள்ளி என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்.